ஒரு ஆள் கூடுதல்: அயர்லாந்து கிளப் ஃபைனலில் நடந்தது என்ன?

2023 ஜனவரி 22. டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து கிளப் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. கடைசி நிமிடங்களில் டப்ளினின் கில்மகுட் க்ரோக்ஸ் 2 பாயின்ட் முன்னிலையில் இருக்கிறது. எதிரணியான க்ளென் ஒரு கோல் போட்டால் கோப்பை கைமாறும். க்ளெனின் அந்தக் கடைசி முயற்சியின்போது களத்தில் கில்மகுட் வீரர்கள் 16 பேர். விதிப்படி 15 பேர்தான் இருக்கலாம். கோல் விழவில்லை; கில்மகுட் ஜெயித்தது. பஞ்சாயத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஸ்கோரை எப்படிப் படிப்பது?

முடிவு: 1-11, 1-9. முதல் எண் கோல். அதற்கு 3 பாயின்ட். இரண்டாவது எண், குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தவை. அப்போதைய விதிப்படி தலா 1 பாயின்ட். கூட்டிப் பாருங்கள்: 14-12. க்ளென் ஒரு கோல் போட்டிருந்தால் 15-14!

ஏன் இவ்வளவு முக்கியம்?

1970-71 சீசனில் தொடங்கிய தொடர் இது. கவுண்டி சாம்பியன்கள் முதலில் மாகாண அளவில் மோதுவார்கள். நான்கு மாகாண சாம்பியன்கள் அரையிறுதிக்கு வருவார்கள். இங்கே ஏலமும் இல்லை, சம்பளமும் இல்லை. உங்களைப் போல வேலைக்குப் போய்விட்டு வந்து பயிற்சி எடுப்பவர்கள்தான் ஆடுகிறார்கள்.

க்ளென், டெர்ரி கவுண்டியின் மஹரா என்ற சிற்றூரின் அணி. அந்த சீசனில்தான் முதன்முறையாக அல்ஸ்டர் மாகாண சாம்பியன் ஆனது. கில்மகுட்டுக்கும் ஒரு வலி இருந்தது: முந்தைய ஆண்டு ஃபைனலில், கூடுதல் நேரத்தில் விழுந்த கோலால், கில்கூ அணியிடம் ஒரே பாயின்ட்டில் தோற்றிருந்தது.

16 பேர் எப்படி வந்தார்கள்?

கடைசி நேரத்தில் மாற்று வீரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்; வெளியேற வேண்டியவர் முழுதாக வெளியேறவில்லை. அதற்குள் ஆட்டம் தொடர்ந்துவிட்டது.

விதி என்ன சொல்கிறது?

கூடுதல் ஆள் இருந்தால் மூன்று வழிகள்: வெற்றியை எதிரணிக்குக் கொடுக்கலாம், மறுபோட்டி நடத்தலாம், அபராதம் மட்டும் போடலாம். எது என்பது 'சூழ்நிலையைப் பொறுத்தது'. சிக்கலே அந்த வார்த்தைகளில்தான்.

க்ளென் முறைப்படி ஆட்சேபித்தது. விளையாட்டை நடத்தும் ஜிஏஏ-வின் போட்டிக் குழு மறுபோட்டிக்கு உத்தரவிட்டது. கில்மகுட் மேல்முறையீட்டுக்குப் போனது. இழுபறிக்கு நடுவே, இதை மேலே கொண்டுபோகப் போவதில்லை என்று க்ளென் விலகியது. மறுபோட்டி நடக்கவில்லை. கோப்பை கில்மகுட்டிடமே இருந்தது. அவர்களுக்கு அது மூன்றாவது பட்டம்.

கவனியுங்கள்: எண்ணிக்கையைப் பார்த்திருக்க வேண்டியது களத்தில் இருந்த அதிகாரிகள். ஆனால் 'தோற்றுவிட்டுப் புலம்புகிறார்கள்' என்ற பேச்சுக்கு ஆளாகும் நிலை பாதிக்கப்பட்ட அணிக்கு.

அப்புறம்?

அடுத்த சீசன் அரையிறுதியில் அதே இரண்டு அணிகள் மோதின. இந்த முறை க்ளென் வென்றது. 2024 ஜனவரி 21 அன்று, ஃபைனலில் ராஸ்காமனின் செயின்ட் பிரிஜிட்ஸ் அணியை 2-10, 1-12 என்று தோற்கடித்து முதல் பட்டத்தை எடுத்தது. வித்தியாசம் எவ்வளவு? இப்போது நீங்களே கணக்குப் போடலாம்: ஒரே ஒரு பாயின்ட்.