பதில் எங்கே தங்குது?

இந்த வார எபிசோடில் படிப்பும் ஏஐ-யும் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் ஒரு கேள்வியை விட்டுட்டோம்: "எல்லாத்துக்கும் ஏஐ பதில் சொல்லுதே, பிறகு ஏன் ஆக்களிட்டக் கேட்கவேணும்?" அதை இங்கே எழுத்தில் பார்ப்போம்.

ஒரு கேள்விக்கு இரண்டு பயன் இருக்கு. ஒன்று, கேட்டவருக்குச் சந்தேகம் தீரும். மற்றது, அதே இடத்தில் நாளைக்கு மாட்டுப்படப்போற ஆளுக்கு வழி கிடைக்கும். முதலாவதை நாங்கள் எல்லாரும் கவனிப்போம். இரண்டாவதை மறந்துபோவோம்.

அந்த இரண்டாவது பயனுக்காகவே கட்டின இடம்தான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இரண்டு புரோகிராமர்கள் 2008-ல் தொடங்கினது. ஆரும் கேட்கலாம், ஆரும் பதில் சொல்லலாம். வாசிக்கிற ஆக்கள் வோட் போட, நல்ல பதில் மேலே வரும். பிழையான பதிலைத் திருத்தலாம். ஒரே கேள்வி திரும்ப வந்தால் பழைய பதிலோடு இணைச்சு விடுவினம். எழுதினது எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கு. எழுதினவரின் பெயரைச் சொல்லி ஆரும் திரும்பப் பயன்படுத்தலாம். அங்கே போற ஆக்களில் பெரும்பாலானோர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வந்து வாசிச்சு, வேலை முடிச்சுப் போறவைதான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த மாதமே, அது எழுதின பதில்களை இங்கே போடக்கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை போட்டது. பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் அடிக்கடி பிழை என்பதுதான் காரணம். ஆனாலும் அதுக்குப் பிறகு அங்கே கேட்கப்படுற கேள்விகள் வேகமாகக் குறைஞ்சுகொண்டே போகுது. ஆக்களைக் குறை சொல்ல ஏலாது. புதுசா வாறவையைக் கடுமையாக நடத்துற இடம் என்ற பெயர் அதுக்கு முதலே இருந்தது. ஏஐ எரிஞ்சு விழாது.

சிக்கல் இங்கேதான். ஏஐ கோடிங் படிச்சதே இப்படியான பொது இடங்களில் மனுசர் எழுதிவைச்சதில் இருந்துதான். நீங்கள் அதோடு தனியாக ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டிக் கண்டுபிடிக்கிற தீர்வு உங்கட சாட்டிலேயே கிடந்துபோகும். தேடி வாற அடுத்த மாணவருக்கு அது கிடையாது.

வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே கதைதான். இங்கே ஃபாரஸ்ட் கேட்டில் ஏ-லெவல் படிக்கிற பிள்ளைகளிட்டக் கேட்டுப் பாருங்கோ. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குரூப் இருக்கும். நல்ல நோட்ஸ், நல்ல விளக்கம் எல்லாம் அதுக்குள்ளே ஓடும். சோதனை முடிய குரூப் அமைதியாகிவிடும். அடுத்த வருசப் பிள்ளைகள் பூச்சியத்தில் இருந்து தொடங்குவினம். கான்ட்ராக்டரா நானும் இதை ஒவ்வொரு புது இடத்திலும் பார்க்கிறன். முந்தி வேலை செய்தவர் எழுதிவைச்ச ஒரு பக்கம் எனக்கு ஒரு கிழமையை மிச்சம் பிடிச்சுத் தரும்.

தமிழில் இது இன்னும் பெரிய விசயம். ஆங்கிலத்தில் ஏற்கெனவே நிறையச் சேர்த்து வைச்சிருக்கினம். எங்களிட்ட இருக்கிறது கொஞ்சம், அதுவும் சில ஆக்கள் சும்மா இருக்காமல் செய்ததால் வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கினது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் வெளிநாட்டில் வேலை செய்துகொண்டே அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். அங்கே ஒரு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தைத் திறந்து பாருங்கோ. ஒரு அறிவியல் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று ஆக்கள் வாதாடினதுகூட அப்படியே பதிஞ்சு இருக்கும். முடிவு மட்டுமில்லை, அதுக்கு வந்த வழியும் தெரியும்.

2005-ல் தொடங்கின நூலகம் திட்டமும் அப்படித்தான். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போனது. ஒரே கட்டடத்தில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரிஞ்ச சமூகம் நாங்கள். நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, பட்டியல் போட்டு, எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைச்சிருக்கினம்.

அப்ப என்ன செய்யலாம்? ஏஐ-ஐ விடச் சொல்லேல்லை, நானும் நாள் முழுக்கப் பாவிக்கிறன். ஒரு பிரச்சினை தீர்ந்த பிறகு பத்து நிமிசம் ஒதுக்குங்கோ. கேள்வி, சரிவந்த பதில், சரிவராத வழிகள் மூன்றையும் தேடினால் கிடைக்கிற ஒரு பொது இடத்தில் எழுதுங்கோ. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உங்கட கேள்விக்கு நீங்களே பதில் எழுதலாம், அதுக்குத் தடையில்லை. குரூப்பில் வந்த நல்ல நோட்ஸை, எழுதினவரின் அனுமதியோடு, அடுத்த வகுப்புக்குப் போய்ச்சேருற ஒரு பொது ஃபோல்டரில் போடுங்கோ. தமிழ் எழுத வருமென்றால் விக்கிப்பீடியாவில் ஒரு வசனத்தைத் திருத்துங்கோ. தமிழ் பிழைச்சாலும் பரவாயில்லை, திருத்த ஆக்கள் வருவினம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.