கட்டுப்பாட்டு அறையிலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் கன்னிவாடியில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி, "பதினொன்றில் எந்த குரூப்?" என்பதுதான். "நமக்குக் கணக்கு வராது, வேறு ஏதாவது எடு" என்று யாராவது சொல்லிவிட்டால், பொறியியல் கனவு பெரும்பாலும் அன்றே முடிந்துவிடுகிறது. புதிய தொழில் ஒன்று நம் தென் மாவட்டத்திலேயே கால் வைத்திருக்கும் நேரத்தில் இது பெரிய இழப்பு.

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலை திறக்கப்பட்டது. செலவு 3.87 கோடி ரூபாய். உற்பத்தித் திறன் மணிக்கு 10 கன மீட்டர். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங் நிலையத்துக்கும் இந்த ஹைட்ரஜன் பயன்படுகிறது. ஆலை சிறியதுதான். ஆனால், 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு பெரியது: 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி, 6 லட்சம் வேலைவாய்ப்பு.

சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதே இந்தத் தொழில். பள்ளிப் பாடத்தில் படித்த மின்னாற்பகுப்புதான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் பிரிய வேண்டும். 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். தண்ணீரின் தூய்மை, வெப்பம், அழுத்தம், மின்செலவு அனைத்தையும் கணக்கிட்டு ஆலையை வடிவமைத்து இயக்குபவர் பிராசஸ் இன்ஜினியர். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எனவே, தொழிலாளர்களின் உயிரும் இவர் போடும் கணக்கில்தான் இருக்கிறது.

இதற்குப் படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பு இருக்கிறது. சென்னை ஏ.சி. டெக் கல்லூரியில் வேதிப் பொறியியல் உண்டு. மாநில இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு.

ஆனால், தனியார் ஆலைகளில் வேலைக்கு இடஒதுக்கீடு இல்லை. படிப்பு இல்லாமல் போனால், புதிய ஆலை வந்தாலும் நமக்குக் கிடைப்பது ஒப்பந்தத் துப்புரவும் சுமை தூக்கலும்தான். தொழில் புதிதாக இருப்பதால் மட்டும் சாதி வகுத்த வேலைப் பிரிவினை மாறிவிடாது.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், நாட்டின் மின்சாரக் கொள்கைக்கு அடித்தளமிட்டார். பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி வேண்டும் என்றும் அரசிடம் வலியுறுத்தினார். மின்சாரம் தயாராகும் இடத்தில் நம்மவர்களும் பொறியாளர்களாக இருக்க வேண்டும் என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார்.

அடுத்த முறை ஒரு பிள்ளை "எந்த குரூப்?" என்று கேட்டால், கணக்கைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுக்கச் சொல்லுங்கள். மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்க, நம் ஊரில் படித்து முடித்தவர்கள் முன்வரட்டும்.