காலதரும் கண்ணாடியும்

'சன்னல்' என்று இன்று வழங்கும் சொல் பிறப்பால் தமிழ்ச் சொல் அன்று. போர்த்துக்கீசியரின் 'ஜனேலா' கடல் கடந்து வந்து தமிழில் சன்னலாயிற்று. மலாயில் 'ஜெண்டேலா' ஆயிற்று. அவர்கள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலப்பதிகாரம் 'காலதர்' என்னும் சொல்லை ஆண்டிருக்கிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததேயாம். பனி நாட்டாருங்கூடப் பெயரிட்ட காலத்தில் கண்ணாடியை நினைக்கவில்லை, காற்றையே நினைத்தனர்.

வீட்டுச் சன்னலை மாற்றப் புகுவோர் முதலில் மறப்பது இக்காற்றைத்தான். ஸ்ரீ கெம்பாங்கானை எடுத்துக்கொள்வோம். அவசரகாலத்தில் சிர்டாங் புதுக்கிராமமாகத் தோன்றிய ஊர் அது. ஈயச் சுரங்கமும் இரப்பர் மரமும் சூழ்ந்திருந்த இடத்தில் இன்று தாமான்களும் அடுக்குமாடிகளும் நிறைந்துள்ளன. அங்குள்ள பழைய வரிசை வீடுகள் பலவற்றில் காண்பது நாக்கோ சன்னல்; அதாவது, கண்ணாடிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கைப்பிடியை இழுத்தால் ஒருசேரத் திறப்பது. தூசி தங்குகிறது, சாரல் நுழைகிறது, பட்டைகளைக் கழற்றித் திருடன் புகுகிறான் என்று அதன்மேல் சொல்லும் குறைகள் யாவும் உண்மையே. ஆகவே அதை எடுத்துவிட்டு நகர்த்துச் சன்னல் வைக்கிறார்கள். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், இரட்டைக் கண்ணாடி வைத்தால் வீடு குளிரும் என்னும் பேச்சையும் நம்பிவிடுகிறார்கள்.

இங்கே சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட உபவிதிகள், குடியிருக்கும் அறைக்குச் சன்னலின் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும், தடையின்றிக் காற்றுப் புகும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும் கூறுகின்றன. (பள்ளி வகுப்பறைக்கு இவ்வளவுகள் முறையே 20, 10 விழுக்காடு. வகுப்பறைச் சன்னலை அடைத்துக் குளிர்பதனப் பெட்டி வைக்க நன்கொடை திரட்டுவோர் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.) 12 அடிக்கு 10 அடி அறை ஒன்றுக்கு 12 சதுர அடிச் சன்னலும் 6 சதுர அடித் திறப்பும் வேண்டும். 4 அடிக்கு 3 அடிச் சன்னல் நாக்கோவாக இருந்தபோது ஏறக்குறைய முழுதும் திறந்தது. அதே இடத்தில் இரு பலகை நகர்த்துச் சன்னல் வைத்தால், ஒரு பலகை மற்றதன் பின்னே ஒதுங்குவதால், பாதிதான் திறக்கும். அந்தப் பாதியிலும் சட்டத்தின் கனத்தைக் கழித்தால் 6 சதுர அடிகூடத் தேறாது. புறநோக்கித் திறக்கும் கீல் சன்னலோ முழுதும் திறக்கும். ஆனால் வெளியே இடம் வேண்டும், கிரில் உட்புறமாக அமைய வேண்டும்.

இனி, இரட்டைக் கண்ணாடி. இரு கண்ணாடிகளுக்கு நடுவே உலர்ந்த காற்றையோ ஆர்கான் வாயுவையோ அடைத்து விளிம்பை மூடிவிடுவதே அதன் அமைப்பு. அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளியே உறைபனியும் உள்ளே கணப்பும் உள்ள இங்கிலாந்தில், இரு பக்கமும் 20 பாகை வேறுபாடு இருக்கையில், அஃது அருமையான பொருள். கோலாலம்பூர் வட்டாரத்திலோ நண்பகல் வெப்பம் ஏறத்தாழ 33 பாகை. குளிர்பதன அறை 25 பாகை. வேறுபாடு 8 பாகைதான். ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியே அப்போது உட்புகும் வெப்பம் சுமார் 46 வாட். இரட்டைக் கண்ணாடி அதைப் பாதியாக்கும். மிச்சம் இருபது வாட்டுக்குச் சற்று மேல், அவ்வளவே. குளிர்பதனம் இல்லாமல் சன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் அந்த மிச்சமும் இல்லை.

உண்மையான பகைவன் வெயில். மாலை வெயில் நேரே விழும் மேற்குச் சன்னலில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் விழுகிறதென்று கொள்வோம். தெளிந்த ஒற்றைக் கண்ணாடி அதில் 400 வாட்டை உள்ளே விடும்; தெளிந்த இரட்டைக் கண்ணாடி 350 வாட்டை விடும். இரு மடங்கு விலைக்கும் மேல் கொடுத்துப் பெற்ற பலன் இதுதானா என்று கேட்கத் தோன்றும். வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சுள்ள கண்ணாடி வேறு வகை. அது வெயிலையும் பெரிதும் தடுக்கும், விலையும் மிகும். ஆனால் வெளியே தொங்கும் ஒரு மூங்கில் தட்டி கண்ணாடியில் படுமுன்பே வெயிலை நிறுத்திவிடுகிறது. உள்ளே தொங்கும் திரை அவ்வாறன்று. வெயில் அறைக்குள் வந்தபின் அதைப் பிடித்து என்ன பயன்?

இரட்டைக் கண்ணாடிக்கு இங்கு இடமே இல்லை என்பதன்று. சுங்கை பீசி நெடுஞ்சாலையை ஒட்டிய மாடியில் இரவு உறங்க முடியாதவருக்கு அது உதவும். எனினும் ஓசை புகுவது பெரும்பாலும் இடுக்கு வழியே; இடுக்கை இரப்பர்ப் பட்டையால் இறுக அடைத்து, நடுவே பிசின் தாள் ஒட்டிய தடித்த கண்ணாடி வைத்தாலே பெரும்பகுதி அடங்கும். மேலும், விளிம்பின் மூடல் வெயிலில் கெட்டால் ஈரம் இரு கண்ணாடிக்கும் நடுவே புகுந்து மங்கிவிடும். எத்துணியாலும் அதைத் துடைக்க இயலாது. ஆகவே அம்மூடலுக்கு எத்தனை ஆண்டு உறுதி என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

கண்ணாடிக் கூடமும் இத்தகையதே. குளிர்நாட்டார் வெயிலைச் சிறைப்பிடித்துச் செடி வளர்க்கக் கண்ட அறை அது. இங்கு வீட்டின் பின்புறத்தில் பாலிகார்பனேட் கூரையிட்டுச் சமையலறையை எல்லைவரை நீட்டுகிறார்கள். முன்பு வெளியே திறந்த பின் சன்னல் அப்போது மற்றோர் அறைக்குள் திறக்கிறது. நடுவறை இருண்டு, புழுங்கி, பகலிலும் விளக்கெரிக்கும் நிலைக்கு வருகிறது. முற்றம் வைத்து வீடு கட்டிய தமிழரும், தரையில் அமர்ந்தவர் முகத்திலும் காற்றுப்பட நெடிய சன்னல் வைத்த மலாய்க்காரரும் இத்தவற்றைச் செய்யவில்லை.

கதவைப் பற்றி ஒன்றை வற்புறுத்த வேண்டும். நகர்த்துக் கதவின் கண்ணாடி வெப்பத்தால் பதப்படுத்தியதாகவோ தாள் ஒட்டியதாகவோ இருத்தல் வேண்டும். முன்னது உடைந்தால் சிறு துண்டுகளாகச் சிதறும். பின்னது தாளோடு ஒட்டி நிற்கும். சாதாரணக் கண்ணாடியோ கத்திபோல் பிளக்கும். ஓடி வரும் குழந்தைக்கு அது எமன். அதனினும் கொடிது பூட்டிய கிரில். திருடனுக்கு அஞ்சி எல்லாச் சன்னலுக்கும் நிலையான கம்பி பொருத்தி, வாயிற் கிரிலுக்கும் பூட்டுப் போட்டுச் சாவியை எங்கோ வைத்துவிடும் வீட்டில் தீப்பற்றினால் வெளியேற வழியேது? ஒவ்வொரு மாடியிலும் ஒரு சன்னல் கிரிலாவது உள்ளிருந்து திறப்பதாக இருக்கட்டும். சாவியும் இருட்டில் கைக்கெட்டும் இடத்தில், வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்த இடத்தில் இருக்கட்டும். புதுச் சன்னலுக்குச் செலவிடும் வேளையே இதைச் செய்துகொள்ள ஏற்ற வேளை.

வேலையை ஒப்படைக்குமுன் கண்ணாடியின் வகை, எத்தனை மில்லிமீட்டர் கனம், பழைய சட்டத்தைப் பெயர்த்துச் சுவரைப் பூசுவது யார் பொறுப்பு, பணம் எத்தனை தவணை என்பனவெல்லாம் விலைப்புள்ளியில் எழுதப்பட வேண்டும். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு வெள்ளி' என்ற ஒற்றை வரி விலைப்புள்ளி ஆகாது. சுவர்த் திறப்பைப் பெரிதாக்குவதானால் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் அனுமதியைக் கேட்டறிய வேண்டும். அடுக்குமாடியில் வெளித்தோற்றத்தை மாற்ற நிருவாகத்தின் எழுத்து இசைவு வேண்டும். பிணக்கு நேர்ந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அது விசாரிக்கும். வழக்கறிஞர் வேண்டியதில்லை, பதிவுக் கட்டணம் 5 வெள்ளி.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஒரு சோதனை உண்டு. நகர்த்துச் சன்னலின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும். தேங்கும் மழைநீர் வடிவதற்கு அவை. அழகு கருதியோ அறியாமையாலோ சிலர் அவற்றைப் பசையால் அடைத்துவிடுகின்றனர். விடியற்காலையில் மேற்கிலிருந்து சுமத்ராச் சூறை வீசி மழையை அறையும்போது சட்டம் நிரம்பி, நீர் அறைக்குள் வழியும். எனவே ஒருவர் உள்ளே நிற்க, மற்றொருவர் வெளியிலிருந்து இரப்பர்க் குழாயால் கால் மணி நேரம் சன்னல்மேல் நீரைப் பீய்ச்ச வேண்டும். துளை வழியே நீர் வெளியே வடிந்து, உள்தரை உலர்ந்திருந்தால் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.