கன்று ஈன்ற பசுக்களிற் கீற்றோசிசு நோயை முன்னறிதல்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றிரண்டு கறவைப் பசுக்களை வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பிரீசியன், ஜேர்சி, அயர்சயர் ஆகிய இனங்களின் கலப்புப் பசுக்கள் மலைநாட்டுக் குளிருக்கு ஏற்றவை. நாட்டுப் பசுக்களைவிட மிகுதியாகப் பால் தருபவை. சம்பள நாளுக்கு முன் கடைக்கடனைத் தீர்ப்பது பெரும்பாலும் பாற்பணமே. இத்தகைய பசு ஈன்ற இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், காய்ச்சல் எதுவுமின்றித் தீன் குறைந்து, பாலும் பாதியாகக் குறைவதுண்டு. அதனைச் செரியாமை என்றோ கண்ணூறு என்றோ கருதி, இஞ்சியும் மிளகும் இடித்துப் புகட்டி ஒரு வாரத்தைக் கழித்துவிடுகின்றனர். அந்த ஒரு வாரத்தில் இழந்த பாலைப் பசு அந்தக் கறவைக் காலம் முழுவதும் திருப்பித் தராமற் போகலாம்.

இந்நோய்க்குக் கீற்றோசிசு என்று பெயர். ஒரு லீற்றர் பாலில் ஏறக்குறைய 48 கிராம் பாற்சர்க்கரை உண்டு. இதனை ஆக்கப் பசுவுக்குக் குளுக்கோசு வேண்டும். ஈன்றவுடன் பால் விரைவாகப் பெருகுகின்றது. தீனெடுக்கும் ஆற்றலோ மெதுவாகவே திரும்புகின்றது. இக்குறையை ஈடுசெய்யப் பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கின்றது. அளவுக்கு மிஞ்சிக் கரையும்போது ஈரலால் அதனை முற்றாக எரிக்க இயலாது; கீற்றோன்கள் என்னும் பொருள்கள் உருவாகிக் குருதியிலும் பாலிலும் சிறுநீரிலும் சேர்கின்றன. இவை மிகும்போது பசியும் கெடுகின்றது. பசி கெட்டால் மேலும் கொழுப்புக் கரைகின்றது. நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இவ்வாறே.

ஊவாவில் யூலை முதல் செத்தெம்பர் வரை வீசும் வறண்ட காற்று தேயிலைக்கு உலகறிந்த மணத்தைக் கொடுக்கின்றது. அதே காற்றுப் புல்லைக் காயவைத்துவிடுகின்றது. கொழுந்தெடுத்து மீள்வோர் இக்காலத்திற் கொண்டுவரும் கட்டில் முற்றிய மானாப் புல்லே மிகுதி. 400 கிலோகிராம் எடையுள்ள பசு நாளொன்றுக்கு 40 கிலோகிராம் வரை நல்ல பச்சைப் புல் தின்னக்கூடியது. காய்ந்த மானாப் புல் வயிற்றை நிரப்புமேயன்றிப் பாலுக்கு உதவாது. ஆகவே இம்மாதங்களில் ஈனும் பசுக்களைத் தனியாகக் கவனித்தல் வேண்டும். மெலிந்த பசுவுக்கே இந்நோய் வருமென்பதும் தவறு. பால் வற்றிய காலத்திற் பிண்ணாக்கும் தவிடும் மிகுதியாகத் தின்று கொழுத்த பசு, ஈன்ற முதல் வாரத்திலேயே இதற்கு ஆளாகலாம். அப்பசுவுக்கு ஈரலிற் கொழுப்புப் படிவதால் குணப்படுத்துவதும் கடினம்.

தீனித் தொட்டியைப் பார்த்தே நோயை முதலில் ஐயுறலாம். நலமுள்ள பசு தவிட்டையும் பிண்ணாக்கையும் முந்தித் தின்னும். இந்நோயுற்ற பசுவோ அவற்றை விலக்கிவிட்டுப் புல்லையும் வைக்கோலையும் மட்டும் மெல்லும். பின்னர் சாணம் இறுகும். விலாவும் முதுகும் விரைவில் ஒடுங்கும். மூச்சிலும் பாலிலும் அழுகும் பழம்போன்ற ஒரு மணம் எழும். ஆயினும் இம்மணத்தை எல்லோருடைய மூக்கும் உணர்வதில்லை. மணமில்லை என்பதால் நோயில்லை என்று முடிவுசெய்தல் கூடாது.

பால் சேகரிக்கும் நிலையத்தில் அளவும் கொழுப்பும் குறிக்கப்படுமாயின், அக்கணக்கும் ஒரு நோய்க்குறியேடு ஆகும். ஈன்ற முதல் மாதத்திற் பாலின் அளவு குறைந்து கொழுப்பு மட்டும் உயர்ந்தால், நல்ல விலை கிடைக்கின்றதென்று மகிழ்வதற்கில்லை. பசுவின் உடற்கொழுப்பே கரைந்து பாலில் இறங்குகின்றது.

ஐயத்தைத் தீர்ப்பது சிறுநீர்ச் சோதனை. இரொதெரா என்பவர் 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில், நைத்திரோபுரூசைட்டு சேர்ந்த மருந்து கீற்றோன் உள்ள சிறுநீரை ஊதாவாக்கும். இன்று அதே தத்துவத்தில் அமைந்த தாட்கீற்றுகள் நீரிழிவு நோயாளருக்கென மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றன. பசுவுக்கும் அவை பயன்படும். காலையிற் பசு எழுந்தவுடனோ, அல்லது பெண்குறியின் கீழ்ப்புறத்தை விரலால் மெல்லத் தடவியோ சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் ஏந்தலாம். கீற்றை நனைத்து, போத்தலிற் குறித்துள்ள நேரத்தில், பெரும்பாலும் 15 வினாடியில், நிறத்தை ஒப்பிடுதல் வேண்டும். மிக இலேசான நிறம் தோன்றின் மறுநாளும் பார்க்க. கருஞ்சிவப்போ ஊதாவோ ஆயின் காலந்தாழ்த்தாது வைத்தியருக்கு அறிவிக்க. மலைநாட்டு ஈரத்தாற் கீற்றுகள் பழுதாகுமாதலால் போத்தலை இறுக மூடிவைத்தல் அவசியம்.

ஈன்ற மூன்றாம் நாள் முதல் 21 ஆம் நாள் வரை வாரத்துக்கு இருமுறை சோதித்தால் ஏறக்குறைய ஆறு கீற்றுகளே செலவாகும். வெளிக்குறி தோன்றாத நிலையிலும் நோயை இது காட்டிவிடும். மிருக வைத்தியர் ஒரு துளி குருதியைக் கைக்கருவியாற் சோதிப்பார், லீற்றருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேற்பட்ட கீற்றோன் மறைந்துள்ள நோயைக் குறிக்கும்.

சில பசுக்கள் இந்நோயில் வெறிகொண்டவைபோல் நடக்கும். சுவரையும் தம் தோலையும் ஓயாது நக்கும், வெறுவாயை மெல்லும், உமிழ்நீர் ஒழுக்கும், வட்டமிடும். விசர்நாய்க்கடி நோயிலும் இக்குறிகள் காணப்படும். ஆதலின் இந்நிலையிலுள்ள பசுவின் வாயில் ஒருவரும் கையிடலாகாது. தொண்டையில் ஏதோ அடைத்திருக்கின்றதென்று கைவிட்டுப் பார்க்கும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. வைத்தியர் வரும்வரை பிள்ளைகளைக் கொட்டிலுக்கு அனுப்பாதிருத்தல் வேண்டும்.

மடியழற்சி, கருப்பை நோய், விழுங்கிய கம்பித் துண்டு, இரைப்பை இடம்பெயர்தல் ஆகியவற்றாலும் பசு தீனை விட்டுக் கீற்றோன் தோன்றலாம். காய்ச்சலோ துர்நாற்றமுள்ள கசிவோ காணின் அதனையும் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

பரிகாரமாக வைத்தியர் நாளத்திற் குளுக்கோசு ஏற்றுவார். அதன் பயன் சில மணி நேரமே நிற்குமாதலால், புரோப்பிலீன் கிளைக்கோல் என்னும் மருந்தை, பெரும்பாலும் நாளொன்றுக்கு 300 மில்லிலீற்றர் வீதம் மூன்று முதல் ஐந்து நாள்வரை வாய்வழியே கொடுக்கச் சொல்வார். மோட்டார் வண்டிகளின் குளிர்நீரிற் கலக்கும் எதிலீன் கிளைக்கோல் வேறு, அது நஞ்சு. பெயரொற்றுமையால் மயங்கி அதனைப் புகட்டினாற் பசு இறக்கும். சீனியும் கருப்பட்டியும் கரைத்துக் கொடுப்பதாற் பெரும்பயனில்லை. முதலிரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்துவிடும். எம்மருந்தையும் தலையை மிக உயர்த்திப் பிடித்து ஊற்றலாகாது, நுரையீரலுட் புகும். படுத்திருக்கும் பசுவுக்கு ஊற்றவே கூடாது.

நோய்ப்பட்ட பசுவுக்கு இளம் புல்லை முதலிற் போட்டுப் பசியைத் தூண்டுவது நன்று. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 புல்லை மாட்டுக் கொட்டிலின் கழிவுநீர் பாயுமிடத்தில் ஒரு சிறு பாத்தியளவு நட்டுவைத்தாலும், வறண்ட மாதங்களில் ஈன்ற பசு ஒன்றுக்காவது தினமும் சில கட்டுகள் கிடைக்கும். கிளிரிசீடியாத் தழையை வாட்டிப் புல்லுடன் கலக்கலாம். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்னரே தவிட்டையும் பிண்ணாக்கையும் சிறிதளவிற் பழக்கி, ஈன்றபின் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும். ஒரே நாளில் மிகுத்தாற் செரியாமை உண்டாகி, பசு மீண்டும் தீனை விட்டுவிடும். ஒருமுறை இந்நோயுற்ற பசுவுக்கு அடுத்த ஈற்றிலும் அது வருவதுண்டு. ஆதலால் அதன் நாள்களைக் குறித்து வைத்து, அடுத்தமுறை முதற் கீற்றை மூன்றாம் நாளிலேயே பயன்படுத்துக.