தோற்றவருக்கும் ஓர் இருக்கை

சிங்கப்பூரில் 1968 முதல் 1980 வரை நடந்த 4 பொதுத்தேர்தல்களிலும் மக்கள் செயல் கட்சியே எல்லா இடங்களையும் வென்றது. 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் வென்ற பிறகே அந்த நாடாளுமன்றத்தில் எதிர்க்குரல் கேட்டது.

1984-இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, தொகுதியில்லா உறுப்பினர் முறை வந்தது. எதிர்க்கட்சியினர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெல்லாவிட்டால், தோற்றவர்களில் அதிக வாக்குவிகிதம் பெற்றவர்களைக் கொண்டு அந்தக் குறை நிரப்பப்படும். ஆனால் அவர்கள் தொகுதியில் குறைந்தது 15 விழுக்காடு வாக்குகளைப் பெற்றிருக்க வேண்டும். பேசலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் வரவுசெலவு, அரசமைப்புத் திருத்தம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் தொடக்கத்தில் வாக்களிக்க முடியவில்லை. முழு உறுப்பினருக்குரிய மதிப்பு இந்தப் பதவிக்கு இல்லை என்ற அன்றைய மனக்குறை நியாயமானதே. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் முழு வாக்குரிமையை அளித்து, எதிர்க்கட்சியினரின் குறைந்தபட்ச எண்ணிக்கையை 12 ஆக உயர்த்தியது.

ஆனாலும் ஆளுங்கட்சியின் பலம் குறைந்துவிடவில்லை. 2020-இல் சுமார் 61 விழுக்காடு வாக்குகளுடன் 93 இடங்களில் 83-ஐ அது பிடித்தது. வாக்குகளை இடங்களாக மாற்றும் தேர்தல் முறையை இந்தத் திருத்தங்கள் தொடவே இல்லை. 10 இடங்களை வென்ற பாட்டாளிக் கட்சியோடு, சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியினர் இருவர் தொகுதியில்லா உறுப்பினர்களாக அவைக்குள் வந்தனர்.