குதிரைவாலியில் சோம்பு பிஸ்கட்: ஒரு கிலோ மாவில் தொடங்குங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கும் குதிரைவாலி, தை பிறக்கும்போது களத்துக்கு வந்துவிடும். எல்லோர் களத்திலும் ஒரே சமயத்தில் குவிவதால், விலை சொல்வது வியாபாரியாகவே இருக்கிறார். 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று சிறுதானிய பிஸ்கட் கடைகளில் பாக்கெட்டில் விற்கிறது. விளைவித்த வீட்டிலேயே அதைச் செய்ய முடியாதா? முடியும். ஆனால் கணக்குப் பார்த்து இறங்க வேண்டும்.

சோம்பும் சீனிப் பூச்சும்

இத்தாலியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அனிஸ் விதை மணத்தோடு, மேலே சீனி பூசிய பிஸ்கட் செய்வார்கள். அனிஸும் நம் சோம்பும் வேறு வேறு செடிகள். ஆனாலும் இரண்டின் மணத்துக்கும் அனெத்தோல் என்ற ஒரே பொருள்தான் காரணம். எனவே சோம்பே போதும். குஜராத், ராஜஸ்தானில் அதிகம் விளையும் சோம்பு எல்லா மளிகைக் கடைகளிலும் கிடைக்கிறது, தேவையும் கொஞ்சம்தான். சீனிச்சேவுக்குப் பாகு ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பூச்சு எளிது.

சுமார் 30 பிஸ்கட்டுக்குத் தேவையானவை

குதிரைவாலி அரிசி மாவு 100 கிராம், கோதுமை மாவு 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சீனி 80 கிராம், வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த சோம்பு 2 தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பால் 2 முதல் 3 மேசைக்கரண்டி. பூச்சுக்குத் தனியாகப் பொடித்த சீனி 100 கிராம்.

குதிரைவாலி மாவில் பசைத்தன்மை கிடையாது. அதை மட்டும் வைத்துச் செய்தால் பிஸ்கட் உதிரும். அதனால்தான் கோதுமை சேர்க்கிறோம். அரிசியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள். மொத்தமாக அரைத்து வைத்தால், மாவிலுள்ள கொழுப்பு கெட்டு சிக்கு வாடை வரும்.

செய்முறை

வெண்ணெயையும் சீனியையும் வெளுத்து வரும்வரை குழையுங்கள். மாவுகள், பேக்கிங் பவுடர், உப்பு, சோம்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்தால் சோம்புத் துகள் சல்லடையில் நின்றுவிடும். ஆகவே சலித்த பிறகு சோம்பைக் கலந்து, பால் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசையக் கூடாது. அரை மணி நேரம் மூடி வைத்து, 15 கிராம் உருண்டைகளாக்கி லேசாகத் தட்டி, 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள்.

அடுப்புப் பெட்டி இல்லையா? அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மேலே தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே வைத்துக் குறைந்த தீயில் 20 முதல் 25 நிமிடம் விடுங்கள். ஓரம் சிவந்தால் எடுத்துவிடலாம்.

பூச்சுக்கு, சிறிது சோம்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். அதில் ஒரு மேசைக்கரண்டியும் இன்னும் சில துளிகளும் விட்டுச் சீனியை இட்லி மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். பிஸ்கட் முழுக்க ஆறிய பின்பே பூச வேண்டும். சூட்டில் பூசினால் வழிந்துவிடும். காயாமல் பாக்கெட் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கருப்பட்டி ஈரத்தை இழுப்பதால் பூச்சுக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூச்சில்லாமல் விற்பதே நல்லது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கிலோ குதிரைவாலி மாவுக்குச் சுமார் 300 பிஸ்கட் வரும். அதற்குக் கோதுமை ஒன்றரைக் கிலோ, வெண்ணெய் ஒரு கிலோ, சீனி 1.8 கிலோ வேண்டும். இதில் அதிகம் செலவு வைப்பது வெண்ணெய், குதிரைவாலி அல்ல. நூறு கிலோ மாவைத் தீர்க்க 30,000 பிஸ்கட் விற்க வேண்டும். எனவே பிஸ்கட்டால் மொத்த விளைச்சலுக்கும் விலை வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் போடாதீர்கள். இது வீட்டுப் பெண்களுக்கோ சுயஉதவிக் குழுவுக்கோ கைக்காசு தரும் தொழில். செய்பவரின் கூலி, எரிவாயு, பாக்கெட், உடைந்து வீணாகும் பிஸ்கட் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிய பிறகே விலை வையுங்கள்.

விற்கும் முன்

உணவுப் பாதுகாப்பு பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. சிறு தயாரிப்பாளர்கள் இணையவழியில் பதிவு செய்துகொள்ளலாம். பாக்கெட்டில் தயாரித்த தேதியையும், கோதுமை, பால் பொருள் உள்ளிட்ட எல்லாச் சேர்மானங்களையும் அச்சிடுங்கள். சிறுதானியம் இருப்பதாலேயே, சீனி பூசிய பண்டத்தைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது என்று சொல்லி விற்காதீர்கள்.

எத்தனை நாள் தாங்கும் என்பதை உங்கள் வீட்டிலேயே பாருங்கள். ஆறு பாக்கெட்டை எடுத்து வைத்து, ஐந்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்து, மொறுமொறுப்பையும் வாடையையும் குறித்து வாருங்கள். அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தில், மதிப்புக்கூட்டல் பயிற்சி எப்போது நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம். போகும்போது நீங்கள் சுட்ட பிஸ்கட்டையும் செலவுக் கணக்கு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.