உங்களுக்குத் தெரியுமா? டிவியில் வரும் கறுப்புப் பட்டை

புது டிவியை மாட்டிப் படம் போட்டதும் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால், பல வீடுகளில் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது. ‘ஜூம்’ அழுத்தியதும் திரை நிறைந்துவிடும். ஆனால் ஸ்கோப் (சினிமாஸ்கோப்) படமாக இருந்தால், அந்த ஒரு அழுத்தில் இரண்டு ஓரங்களிலும் சேர்த்துப் படத்தின் கால் பங்கு வெளியே போய்விடுகிறது.

★ கணக்கு எளிது. ஸ்கோப் படத்தின் அகலம், அதன் உயரத்தைப் போல 2.39 மடங்கு. இன்றைய டிவியில் அந்த விகிதம் 16:9, அதாவது 1.78 மடங்குதான். 55 இன்ச் டிவியின் அகலம் ஏறத்தாழ 48 அங்குலம், உயரம் 27 அங்குலம். அகலம் முழுவதையும் ஸ்கோப் படத்துக்குக் கொடுத்தால் அதற்குத் தேவைப்படும் உயரம் 20 அங்குலம். மீதி ஏழு அங்குலம் மேலே பாதி, கீழே பாதி. ஒளிப்பதிவாளர் எடுத்த படம் வெட்டுப்படாமல் வந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பட்டைதான் அத்தாட்சி.

★ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. இயக்கியவர் ஏ.பி. நாகராஜன். இந்திய அளவில் முதலாவது, 1959இல் வந்த குருதத்தின் ‘காகஸ் கே பூல்’, ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி. தமிழில் முதல் 70 எம்.எம். படம் ரஜினியின் ‘மாவீரன்’, 1986.

★ சினிமா அகலமானதற்கே டிவிதான் காரணம்! 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன் 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளை என்று வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் 4:3 வடிவம். பின்னால் வந்த டிவியும் அதையே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி வந்து தியேட்டர் கூட்டம் குறைந்ததும், வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டியாக வேண்டிய கட்டாயம் ஹாலிவுட்டுக்கு. 1952இல் சினிராமா வந்தது. 1953இல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது.

★ சினிமாஸ்கோப்பின் சூட்சுமம் லென்ஸில் இருக்கிறது. கண்டுபிடித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி கிரெத்தியன், 1920களிலேயே. படம் பிடிக்கும்போது அகலத்தைப் பாதியாக நெருக்கி ஃபிலிமில் பதிப்பார்கள். தியேட்டர் புரொஜெக்டரில் இருக்கும் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். அந்த ஃபிலிம் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாரும் ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்பார்கள்.

★ பழைய 4:3 டிவியில் ஸ்கோப் படத்தைத் திரை நிறையக் காட்ட வேண்டுமானால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டியாக வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தில் நின்று பேசினால், பேசுகிறவர் பக்கமாகப் படத்தை நகர்த்துவார்கள். கேட்பவருடைய முகத்தில் என்ன ஓடுகிறது என்று காட்டத்தான் இயக்குநர் இருவரையும் ஒரே ஷாட்டில் நிறுத்தியிருப்பார். அந்த முகமே போய்விடும். சில நேரம் நடுவில் இருக்கும் மேஜை மட்டும் மிஞ்சும்.

★ சரி, 16:9 எங்கிருந்து வந்தது? 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வழக்கத்தில் இருந்த எல்லாப் பட வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி, மையம் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அத்தனையையும் உள்ளடக்கும் வெளிச் சட்டத்தின் விகிதம் 1.78 அளவில் வந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான உள்சட்டமும் அதே விகிதம்! அதாவது 16:9 எந்தப் படத்துக்கென்றும் பிறந்த வடிவம் இல்லை. எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கச் செய்த சமரசம். அதனால் பட்டை வருவது டிவியின் பழுதல்ல.

★ பழைய 29 இன்ச் டிவியைக் கொடுத்துவிட்டு 32 இன்ச் அகல டிவி வாங்கியவர்களுக்குப் பழைய நிகழ்ச்சிகள் சிறிதாகத் தெரிந்திருக்கும். அது பிரமை அல்ல. இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 32 இன்ச் அகல டிவியில் 4:3 படம் 26 இன்ச் அளவில்தான் வரும்.

★ ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் பழைய பாகங்கள் 4:3 வடிவத்தில் வரையப்பட்டவை. 2019இல் டிஸ்னி பிளஸ் அவற்றை மேலும் கீழும் வெட்டி அகலத் திரைக்கு நிரப்பித் தந்தது. ஒரு காட்சியில் மூன்று வகை பீர் என்று மூன்று பெரிய தொட்டிகள். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்து வருகிறது. நகைச்சுவையே அந்தக் குழாய்தான். வெட்டியதில் குழாய் போயிற்று, தொட்டி மட்டும் நின்றது. ரசிகர்கள் விடாமல் கேட்டதில், 2020 மே மாதம் பழைய வடிவத்தையும் பார்க்க வழி செய்தார்கள். 2021இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் இன்னும் கொடுமை. சாலைக் குழியைப் பற்றிய ஒரு பாகத்தில் அந்தக் குழி திரைக்குக் கீழே போய்விட்டது.

★ வெட்டுவது ஒரு வகைச் சேதம் என்றால் இழுப்பது இன்னொரு வகை. 4:3 சேனலை ‘வைட்’ போட்டு நிரப்பினால் எல்லா முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். ‘பனோரமா’, ‘ஸ்மார்ட்’ என்ற பெயர்களில் வரும் வசதி நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும். செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்துகளைக் கவனியுங்கள்: வலது ஓரத்தில் பருத்து நுழையும், நடுவில் இளைக்கும், இடது ஓரத்தில் மறுபடி பருக்கும். அப்படித் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

★ வடிவம் சரியா என்று பார்க்க ஒரு வட்டம் போதும். சுவர்க் கடிகாரம், கார் சக்கரம், முழு நிலா என்று எது திரையில் நேருக்கு நேராக வந்தாலும் ஒரு அளவுகோலை வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

★ டிவியில் எல்லாம் சரி, ஆனாலும் முகம் அகலமாகத்தான் இருக்கிறதா? செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். அதற்குள்ளும் தனியாக ஒரு படவடிவ அமைப்பு உண்டு. அது இழுத்து அனுப்பியதை டிவியால் திருத்த முடியாது. பாக்ஸை 16:9இல் வைத்து, எதையும் இழுக்காத தேர்வைக் கொடுத்துவிட்டு அப்புறம் டிவிக்கு வாருங்கள்.

★ ஜூம் அழுத்த வேண்டிய ஒரே இடமும் உண்டு. 4:3 சேனலில் அகலப் படம் ஓடினால் நாலு பக்கமும் பட்டை வந்து, படம் நடுவில் சின்னதாக நிற்கும். அப்போது தாராளமாக ஜூம் போடலாம்; வெளியே போவது வெறும் கறுப்புதான்.

★ புத்தம் புது டிவி பலவும் படத்தின் நாலு விளிம்பையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. இது குழாய் டிவி காலத்து எச்சம். அந்தக் குழாயில் படத்தின் விளிம்பு நிலையாக நிற்காது என்பதால், கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். இன்றைய தட்டைத் திரைக்கு அது தேவையே இல்லை. பெரிதாக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் இடம் மாறுவதால் கூர்மையும் குறைகிறது. மெனுவில் இதை நிறுத்தும் வசதி ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்ஸல்’ என்று மாடலுக்கு ஒரு பெயரில் இருக்கும். டிவி வாங்கிய அன்றே தேடிப் பிடிக்க வேண்டியது இது. கணினியை இணைத்தால் அடியில் இருக்கும் பட்டி தெரியவில்லை என்றாலும் காரணம் இதுவே.

★ 2019இல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ உங்கள் டிவியில் இருந்தால் அதைப் போடுங்கள். விகிதத்தை மாற்றாது, விளிம்பை வெட்டாது. 24 ஃபிரேமில் எடுத்த படத்தை சீரியல்போல வழுக்க வைக்கும் செயற்கை மெருகையும் நிறுத்திவிடும்.

★ ஸ்கோப் படத்துக்குப் பட்டையே வராத டிவியும் கடைக்கு வந்தது. 2009இல் பிலிப்ஸ் 56 இன்ச்சில் 21:9 டிவி ஒன்றைக் கொண்டுவந்தது. ஸ்கோப் படம் விளிம்புவரை நிறைந்தது. ஆனால் சாதாரண நிகழ்ச்சிகளுக்கு இரு பக்கமும் பட்டை விழுந்தது. சில ஆண்டுகளில் அந்த வரிசை நின்றுபோனது.

★ ஒரே படத்துக்குள் வடிவம் மாறுவதும் உண்டு. ‘தி டார்க் நைட்’ புளூ ரேயில் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சி வந்ததும் பட்டை மறைந்து திரை முழுதும் நிறையும். 2014இல் வந்த கனடா நாட்டு ‘மம்மி’ படம் பெரும்பாலும் சதுரமாகவே ஓடும். ஒரு கட்டத்தில் சந்தோஷம் தாங்காமல், படத்தில் வரும் பையன் இரண்டு கைகளாலும் சட்டத்தைத் தள்ள, திரை அகலமாக விரியும். எனக்குத் தெரிந்து படவடிவத்தை வைத்தே கதை சொன்ன மிக அழகான இடம் இது.

★ புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் ஸ்கோப் அளவிலேயே திரை கட்டும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல புளூ ரேக்களில் சப்டைட்டில் கீழ்ப் பட்டைக்குள் வரும். திரை ஸ்கோப் அளவு என்றால் அந்த எழுத்து சுவரில்தான் விழும். சப்டைட்டிலை மேலே ஏற்றும் வசதி சில பிளேயர்களில் உண்டு. கடையில் கேட்டு, போட்டுப் பார்த்து வாங்குங்கள்.